போனக்காட்டை வைத்து வாசிக்கப் பழகுதல்

அத்தியாயம் 4

ஓர் ஆய்வுக் கட்டுரையோ செய்தியோ கையில் கிடைத்தால், அதில் எந்த வரியை நம்பி உங்கள் ஆய்வேட்டில் சேர்க்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று பிரிக்கத் தெரிவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. விமர்சன வாசிப்பைப் பற்றிய கோட்பாட்டு நூல்கள் நிறைய இருக்கின்றன. அவை தேர்வுக்கு உதவும். கை பழகுவதற்கு ஓர் ஊர் போதும்.

நாம் எடுத்துக்கொள்ளப் போகும் ஊர் போனக்காடு. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மலை ஏறினால் பேப்பாறை வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டி, அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் வரும் தேயிலைத் தோட்டம். தோட்டம் பல ஆண்டுகளாக முடங்கிக் கிடக்கிறது. இடிந்துவரும் லயங்களில் தலைமுறைகளாகத் தேயிலை பறித்த தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கை இன்னும் நடக்கிறது. இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. இதைச் சுற்றி எழுதப்பட்டவை ஒரு மாணவர் ஒரு வாரத்தில் படித்து முடிக்கும் அளவில்தான் இருக்கின்றன. ஆனால் பேய்க்கதை, சுற்றுலாக் குறிப்பு, தொழிலாளர் செய்தி, அறிவியல் கட்டுரை, காப்புரிமை விவாதம் என்று எல்லா ரகமும் அதில் உண்டு.

தயார் செய்துகொள்ள வேண்டியவை

படிக்கப் போகும் பிரதியின் ஜெராக்ஸ் அல்லது அச்சுப்பிரதி, பென்சில், ஒரு கோடு போட்ட நோட்டு. ஹைலைட்டர் வேண்டாம். மஞ்சள் பூசிய பக்கம் படித்துவிட்ட திருப்தியைத் தரும். ஏன் பூசினோம் என்பது மறுவாரமே மறந்துபோகும்.

நோட்டில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: கூற்று, யார் சொன்னது, எதை வைத்து, எப்போது. இந்த அத்தியாயம் முழுக்க இந்த நான்கு கட்டங்களை நிரப்பும் வேலைதான்.

முதல் சுற்று: பென்சிலைத் தொடாமல்

1. தலைப்பு, எழுதியவர் பெயர், அவர் எங்கே வேலை செய்கிறார், வெளியான ஆண்டு ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள்.

2. முன்னுரையையும் முடிவுரையையும் மட்டும் படியுங்கள். நிறுத்துங்கள்.

3. ‘இவர் சொல்ல வருவது என்ன?’ என்பதை இரண்டே வாக்கியத்தில் சொந்த மொழியில் எழுதுங்கள். கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தாலும் இந்த இரண்டு வாக்கியம் தமிழில் இருக்கட்டும். புரியாத இடத்தைத் தமிழில் மழுப்புவது கடினம்.

4. இப்போது முழுவதையும் ஒரே மூச்சில் படியுங்கள். எழுதிய இரண்டு வாக்கியமும் சரியா என்று பார்த்துத் திருத்துங்கள்.

மாணவர்கள் அதிகம் வழுக்குவது இந்தச் சுற்றில்தான். ‘விமர்சனம்’ என்ற சொல்லைக் கேட்டதும் குற்றம் கண்டுபிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஆசிரியர் சொல்லாததை அவர் தலையில் கட்டி, அதை மறுத்து, வெற்றி பெற்றதாக எழுதுகிறார்கள். நெறியாளர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். ஆசிரியரே படித்தாலும் ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும்படி சுருக்கத் தெரிந்த பிறகுதான் அடுத்த சுற்று.

இரண்டாம் சுற்று: பேய் பங்களா

போனக்காடு என்று தேடினால் முதலில் வந்து நிற்பது தோட்டத்துக்குள் இருக்கும் பாழடைந்த பங்களாதான். அதற்கு 25 ஜிபி என்று பெயர். கதை ஏறக்குறைய இப்படிப் போகும்: ஒரு வெள்ளைக்கார மேலாளர் குடும்பத்தோடு அங்கே குடியிருந்தார், அவருடைய 13 வயது மகள் மர்மமாக இறந்தாள், குடும்பம் லண்டனுக்குத் திரும்பியது, அதன் பிறகு பங்களாவில் ஒரு சிறுமியின் உருவம் தெரிகிறது, விறகு பொறுக்கப் போன உள்ளூர்ப் பெண் திடீரென்று சரளமாக ஆங்கிலம் பேசினாள்.

ஆய்வு மாணவருக்குப் பேய்க்கதை எதற்கு என்று முகம் சுளிக்காதீர்கள். நம்பச் சொல்லும் எழுத்து எப்படிக் கட்டப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பிரதி எளிதில் கிடைக்காது.

1. இந்தக் கதையைச் சொல்லும் மூன்று எழுத்துகளையோ காணொளிகளையோ எடுங்கள்.

2. ‘கூறப்படுகிறது’, ‘நம்பப்படுகிறது’, ‘ஊர் மக்கள் சொல்கிறார்கள்’ என்று முடியும் ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் கோடு போடுங்கள். ‘யார் சொன்னது’ என்ற கட்டத்தில் ஒரு பெயராவது எழுத முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் காலியாகவே விடுங்கள். கட்டம் காலியாக இருப்பதும் உங்களுக்குக் கிடைத்த ஒரு தகவல்தான்.

3. மூன்றிலும் ஒரே விவரங்கள் ஒரே வரிசையில் வருகின்றனவா? வயது, லண்டன், விறகு, ஆங்கிலம் என்று அச்சு அசலாக வந்தால் அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையாக இருக்கலாம். அவற்றை மூன்று சான்றாக எண்ணாதீர்கள். ஒன்று என்றே எண்ணுங்கள்.

4. ‘இது உண்மையானால் வேறு எங்கே தடயம் இருக்கும்?’ என்று கேளுங்கள். ஒரு பிள்ளை இறந்தால் தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டில், தோட்டத்தின் கணக்கில், அக்காலச் செய்தித்தாளில் ஏதாவது ஒன்றில் வரி இருக்க வாய்ப்புண்டு. எழுதியவர் அப்படி எதையாவது காட்டுகிறாரா?

5. முடிவை அளந்து எழுதுங்கள். ‘பேய் இல்லை’ என்று எழுத உங்களிடமும் சான்று கிடையாது. ‘நான் படித்த மூன்று பிரதிகளிலும் இக்கதைக்கு ஆவணச் சான்று எதுவும் காட்டப்படவில்லை’ என்று எழுதலாம். அதை யாரும் அசைக்க முடியாது.

குறிப்பு: மூன்றாவது படிதான் ஆய்வேட்டுக்கு உயிர். கல்வித்துறை எழுத்திலும் இதே கதை நடக்கிறது. ஐந்து கட்டுரைகள் ஒரு கூற்றைச் சொல்லும். அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் ஐந்தும் ஒரே பழைய கட்டுரையில் போய் நிற்கும். சில நேரம் அந்தப் பழைய கட்டுரை அப்படிச் சொல்லியே இருக்காது. மேற்கோளின் மேற்கோளை எடுக்கும் முன் ஒருமுறையாவது மூலத்தைத் திறந்து பாருங்கள். திறக்க வழியே இல்லை என்றால், இன்னாருடைய நூலில் எடுத்தாளப்பட்டது என்று வெளிப்படையாக எழுதுங்கள். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

எண்களைப் படிக்கும் முறை

மலைக்கு வருவோம். அகத்தியர்கூடத்தின் உயரம் சில இடங்களில் 1868 மீட்டர், சில இடங்களில் 1890 மீட்டர் என்று இருக்கும். எது சரி என்று உடனே தீர்ப்புச் சொல்லத் துடிக்காதீர்கள். 6200 அடியை மீட்டருக்கு மாற்றிப் பாருங்கள்: 6200 × 0.3048 = 1889.76. அப்படியானால் 1890 என்ற துல்லியமான தோற்றம், யாரோ முழு எண்ணாகச் சொன்ன 6200 அடியிலிருந்து வந்திருக்கக்கூடும். இது என் ஊகம். உங்கள் நோட்டிலும் ஊகம் என்றே எழுதுங்கள். உயரத்தை ஆய்வேட்டில் குறிப்பிட வேண்டியிருந்தால் நில அளவைத் துறையின் வரைபடத்தைப் பார்த்து, எந்த வரைபடம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று இதைவிடச் சுலபம். சுற்றுலாக் குறிப்புகளில் அகத்தியர்கூடத்தைக் ‘கேரளத்தின் இரண்டாவது உயரமான சிகரம்’ என்று எழுதுவது உண்டு. ஆனைமுடி 2695 மீட்டர், மீசைப்புலிமலை 2640 மீட்டர், வயநாட்டின் செம்பரா 2100 மீட்டர். மூன்றும் கேரளத்தில்தான் இருக்கின்றன. ‘முதல்’, ‘ஒரே’, ‘மிகப் பெரிய’, ‘இரண்டாவது’ என்ற சொற்களைப் பார்த்தால் பென்சிலை எடுங்கள். எதிர்ச்சான்று ஒன்று கிடைத்தாலே அந்த வாக்கியம் நிற்காது.

தேதியைப் பாருங்கள்

பெண்கள் அகத்தியர்கூடம் ஏற அனுமதி இல்லை என்று ஒரு கட்டுரை சொல்கிறது. பொய்யா? கட்டுரை 2015இல் எழுதப்பட்டிருந்தால் அன்றைக்கு அது சரி. 2018இல் பெண்களையும் அனுமதிக்கச் சொல்லிக் கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் உச்சிக்கு ஏறினார். வாக்கியம் மாறவில்லை, நிலைமை மாறிவிட்டது. சட்டம், கட்டணம், அனுமதி, மக்கள்தொகை பற்றிய எந்தக் கூற்றுக்கும் நான்காவது கட்டத்தை நிரப்பாமல் நகராதீர்கள்.

நம்பிக்கை, கருதுகோள், நிகழ்வு

அகத்தியர் இந்த மலையில் இருந்து தமிழ் வளர்த்தார் என்பது மரபு. ‘என்று மரபு சொல்கிறது’ என்று சேர்த்து எழுதினால் போதும். அதை நிரூபிக்கவோ மறுக்கவோ நீங்கள் கிளம்ப வேண்டாம். பௌத்த நூல்கள் சொல்லும் போதலகம் என்பது அகத்தியமலை, பொதிகை என்றும் அழைக்கப்படும் இந்த மலைதான் என்று ஜப்பானிய அறிஞர் ஷூ ஹிகோசாகா வாதிட்டது கருதுகோள். அதற்கு அவர் காட்டும் ஆதாரங்களை எடைபோட வேண்டும். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்ந்தது நிகழ்வு. மூன்றையும் ஒரே பத்தியில், ஒரே தொனியில் எழுதிவிட்டுப் போகும் கட்டுரைகள் ஏராளம். நீங்கள் படிக்கும்போது ஓரத்தில் ம, க, நி என்று குறியிட்டுப் பிரியுங்கள்.

பெரிய பயிற்சி: ஜீவனி

இனி உண்மையான வேலை. இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

அடிப்படைச் செய்தி இது. 1987இல் அகத்தியமலைக் காட்டுக்குப் போன ஓர் ஆய்வுக் குழு, வழிகாட்டியாக வந்த காணிக்காரப் பழங்குடியினர் (காணிகள்) ஒரு செடியின் காயைத் தின்றுவிட்டுக் களைப்பில்லாமல் நடப்பதைக் கவனித்தது. அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம், புஷ்பாங்கதன் தலைமையில் அதை ஆராய்ந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டுகளுக்கு உரிமம் தரப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், அதோடு 2 சதவீத உரிமைத்தொகை. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. 1997இல் காணிகளுக்கான அறக்கட்டளை பதிவானது. பணம் 1999இல் அதன் கைக்குப் போனது.

படி 1. ஒரே கணக்கை இரண்டு விதமாக எழுதிப் பாருங்கள்.

‘வருமானத்தில் 50 சதவீதம் பழங்குடி மக்களுக்குக் கிடைத்தது.’

‘நூறு ரூபாய் விற்பனையில் பழங்குடி மக்களுக்குக் கிடைத்தது ஒரு ரூபாய்.’

எதன் வருமானம் என்பதை முதல் வாக்கியம் சொல்லவில்லை. அது நிறுவனத்துக்கு வந்த வருமானம். மருந்து விற்ற கம்பெனியின் வருமானம் இல்லை. நூறு ரூபாய்க்கு 2 ரூபாய் நிறுவனத்துக்கு, அதில் பாதி காணிகளுக்கு. இரண்டு வாக்கியமும் ஒரே ஒப்பந்தத்தைத்தான் சொல்கின்றன. வாசகர் மனத்தில் எழும் படம்தான் வேறு வேறு. சதவீதம் என்ற சொல்லைப் பார்த்ததும் ‘எதில்?’ என்று கேட்கும் பழக்கம் வர வேண்டும். இந்த 2 சதவீதத்தையே சில எழுத்துகள் விற்பனை மீது என்கின்றன, சில லாபத்தின் மீது என்கின்றன. இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. கட்டுரைக்குக் கட்டுரை எந்தச் சொல் வருகிறது என்று குறித்துவையுங்கள்.

படி 2. ஆண்டுகளை வரிசையில் போடுங்கள். 1987, 1995, 1997, 1999. இப்போது உற்றுப் பாருங்கள். உரிமம் கொடுத்தது 1995, அறக்கட்டளை வந்தது 1997. உரிமம் எழுதிய அன்று காணிகள் சார்பில் கையெழுத்துப் போட இந்த அறக்கட்டளை இருந்திருக்க முடியாது. நீங்கள் படிக்கும் கட்டுரை இதைச் சொல்லாமலும் போகலாம். தேதிகளை அடுக்கியதாலேயே கிடைத்த கேள்வி இது. ஆய்வு மாணவருக்குக் கிடைக்கும் சொந்தக் கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன.

படி 3. ‘காணிகள்’ என்றால் யார்? ‘காணிகள் சம்மதித்தார்கள்’ என்று ஒரு வரி வந்தால் வட்டமிடுங்கள். காணிக் குடியிருப்புகள் குற்றிச்சல், விதுரா, பெரிங்கம்மலை என்று பல ஊராட்சிகளில் பரவியிருக்கின்றன. தொடக்கத்தில் திட்டத்தோடு நெருங்கி நின்றவர்கள் குற்றிச்சல் பக்கத்தவர்கள். விதுரா, பெரிங்கம்மலைப் பக்கத்திலிருந்து, தங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. ஓர் இனத்தின் பெயரை எழுவாயாக வைத்த வாக்கியம் எதுவானாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். ‘தமிழர்கள் விரும்புகிறார்கள்’ என்பதற்கும் இது பொருந்தும்.

படி 4. எழுதியவர் எங்கே நிற்கிறார்? இந்தப் பகிர்வு முறையைப் பற்றி அதை உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். வெளியிலிருந்து சட்ட ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருந்து எழுதியவரின் கட்டுரையைத் தள்ளிவிடக் கூடாது. ஒப்பந்த விவரம் அவரிடம்தான் துல்லியமாக இருக்கும். ஆனால் ‘இது வெற்றி’ என்ற தீர்ப்பை அவர் வாயிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். விவரத்தை ஒருவரிடமும் மதிப்பீட்டைப் பலரிடமும் வாங்குங்கள்.

படி 5. சோதனை யார் மீது நடந்தது? ஆரோக்கியப்பச்சை களைப்பைப் போக்கும் என்பதற்கான தொடக்ககால ஆய்வுகள் எலிகள் மீது நடந்தவை. காணிகளின் அனுபவம் ஒரு வகைச் சான்று, எலிச் சோதனை இன்னொரு வகை, மனிதர்களிடம் நடக்கும் மருத்துவச் சோதனை மூன்றாவது வகை. ‘அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது’ என்று ஒரு விளம்பரம் எழுதினால் மூன்றில் எது என்று தேடுங்கள்.

படி 6. இதையெல்லாம் செய்த பிறகு நோட்டை மூடிவிட்டு ஒரு நாள் சும்மா இருங்கள். மறுநாள் முதல் சுற்றில் எழுதிய இரண்டு வாக்கியத்தை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் திருத்த வேண்டியிருக்கும்.

எழுவாயைத் தேடுங்கள்

‘ஜான் ஆலன் பிரவுன் 1855இல் அகத்தியமலை உச்சியில் காந்த, வானிலை ஆய்வுக்கூடம் அமைத்தார்.’ திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த பிரவுனைப் பற்றிய குறிப்புகளில் இப்படி ஒரு வரி வரும். தப்பில்லாத வாக்கியம்தான். ஆனால் கருவிகளையும் மரத்தையும் யானைக்காட்டு வழியே உச்சிக்கு ஏற்றியது ஒரே ஆள் இல்லை. ‘அமைத்தார்’, ‘கட்டினார்’, ‘கண்டுபிடித்தார்’ என்று ஒருமையில் முடியும் வினைமுற்றைக் கண்டால், அந்த வேலையைச் செய்திருக்கக்கூடிய மற்றவர்களை ஓரத்தில் எழுதுங்கள். பிறகு அவர்களைத் தேடிப் படியுங்கள்.

இதற்கு நேர் எதிரானது எழுவாயே இல்லாத வாக்கியம். ‘தோட்டம் மூடப்பட்டது.’ மூடியது யார்? சம்பள பாக்கியும் பணிக்கொடை பாக்கியும் யாரிடம் நிற்கின்றன? போனக்காட்டைப் பற்றி எழுதப்படுவதில் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஆங்கிலம் பேசும் பேய்க்கு வயது உண்டு, ஊர் உண்டு, அப்பாவின் வேலை உண்டு. முப்பது வருஷம் கொழுந்து பறித்த ஒருத்திக்கு ‘தொழிலாளர்கள் அவதி’ என்ற இரண்டு சொல்தான். ஒரு பொருளைப் பற்றிப் படிக்கத் தொடங்கும்போது, எதைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறார்கள், எதைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்தியிருக்கிறார்கள் என்று பக்கக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆய்வுத் தலைப்பு கிடைக்காமல் திண்டாடுபவர்களுக்கு இதுவே வழி.

அடிக்கடி நேரும் தவறுகள்

எல்லாவற்றையும் சந்தேகிப்பது. அப்படிப் படித்தால் ஒரு பக்கம்கூட எழுத முடியாது. ஆய்வின் முடிவைத் தாங்கி நிற்கும் நான்கைந்து கூற்றுகளை மட்டும் துருவுங்கள்.

அச்சில் வந்ததாலேயே நம்புவது, இணையத்தில் வந்ததாலேயே ஒதுக்குவது. இரண்டுமே சோம்பல்.

தனக்குப் பிடித்த முடிவைச் சொல்லும் கட்டுரையைத் தளர்வாகவும், பிடிக்காததை இறுக்கமாகவும் படிப்பது. இதற்கு ஒரே மருந்து, பிடித்த கட்டுரைக்கும் அதே நான்கு கட்டங்களை நிரப்புவது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் சுருக்கம் கேட்டு, அந்தச் சுருக்கத்தை விமர்சிப்பது. சுருக்கத்தில் முதலில் காணாமல் போவது ‘ஒருவேளை’, ‘இந்தச் சோதனை அளவில்’ போன்ற வரம்புச் சொற்கள்தான். வாய்மொழித் தேர்வில் கேள்வி வருவதும் அங்கேதான்.

பாதுகாப்பு

எழுத்துத் திருட்டிலிருந்து: நோட்டில் மூலத்தின் சொற்களை அப்படியே எடுத்தால் அந்த நிமிடமே மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போடுங்கள். ஆறு மாதம் கழித்து எது உங்கள் வரி, எது அவர்கள் வரி என்று உங்களுக்கே தெரியாது.

நேரில் போவதானால்: இது காட்டுப்பகுதி. வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்ட அனுமதி தேவை. அகத்தியர்கூடம் ஏறுவதற்குத் தனிப் பதிவும் குறிப்பிட்ட பருவமும் உண்டு. யானை நடமாட்டம் உள்ள இடம் என்பதால் தனியாகவோ இருட்டிய பிறகோ கிளம்பாதீர்கள். மழைக்காலத்தில் அட்டைக் கடிக்குத் தயாராகப் போங்கள். பாழடைந்த பங்களாவுக்குள் நுழையாதீர்கள். கூரையும் சுவரும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

மனிதர்களிடம்: லயத்தில் ஒரு பெரியவரிடமோ காணிக் குடியிருப்பில் ஒரு மூப்பனிடமோ பேசும் முன், நீங்கள் யார், எதற்குக் கேட்கிறீர்கள், எங்கே எழுதப் போகிறீர்கள் என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். மூலிகைப் பயன்பாட்டை அவர்கள் சம்மதமில்லாமல் வெளியிடாதீர்கள். 2002இன் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று நெறியாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். படித்ததை நம்பி எந்தச் செடியையும் காயையும் வாயில் போட்டுப் பார்க்க வேண்டாம்.

எழுதிப் பார்த்தல்

கடைசியாக, படித்ததை ஒரு பத்தியில் எழுதுங்கள். மாதிரி:

‘ஜீவனி உரிம ஒப்பந்தம் (1995) பழங்குடி அறிவுக்குப் பங்கு தந்த தொடக்ககால முயற்சிகளில் ஒன்றாகப் பேசப்படுகிறது. நிறுவனம் தனக்குக் கிடைத்த 10 லட்சம் உரிமக் கட்டணத்திலும் 2 சதவீத உரிமைத்தொகையிலும் பாதியை ஒதுக்கியது. ஆனால் பங்கைப் பெற வேண்டிய அறக்கட்டளை 1997இல்தான் உருவானது. எல்லாக் காணிக் குடியிருப்புகளும் இதை ஏற்றதாகத் தெரியவில்லை. எனவே இதை முன்மாதிரி என்று அழைப்பதற்கு முன், யாருடைய சம்மதம் எப்போது பெறப்பட்டது என்ற கேள்விக்கு விடை தேவை.’

பத்தியில் பாராட்டும் இருக்கிறது, ஐயமும் இருக்கிறது. ‘தெரியவில்லை’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதவில்லை. கடைசி வரி அடுத்து என்ன தேட வேண்டும் என்று சொல்கிறது. இதே அளவில், இதே அடக்கத்தில், பேய் பங்களா பற்றி ஒன்றும் தோட்டத்தைப் பற்றி ஒன்றும் எழுதுங்கள். பிறகு பென்சிலை எடுத்து இந்த அத்தியாயத்துக்கே நான்கு கட்டங்களைப் போடுங்கள். நான் எங்கெங்கே மூலம் காட்டாமல் ஆண்டும் தொகையும் எழுதியிருக்கிறேனோ, அந்த வரிகளிலிருந்து தொடங்குங்கள்.